நிகர எடை

சசூன் டாக்கில் எனக்குப் பெயர் காண்டாவாலா.
தராசுக்காரன்.
லாரி வெறுமையாக ஏறி நிற்கும், எழுதுவேன்.
நிரம்பி ஏறி நிற்கும், எழுதுவேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பது மீன்.
இருபத்திரண்டு வருடமாகக் கழித்தல் கணக்குதான்.

முன்பு சீட்டில் நாலு பத்தி:
வாவல், வஞ்சிரம், இறால், இதர.
இப்போது 'இதர'வில்தான் பேனா தேய்கிறது.
இதர என்றால் குப்பை.
குப்பை என்றால்
நகமளவு நெத்திலி,
சினை பிடிக்கும் வயதுக்கு வராத காரல்,
உடம்பை விடக் கண் பெரிதான கணவாய்க் குஞ்சு,
நிமிர்த்தி வைத்த ஒரு ரூபாய் நாணயம் போல
ஒரு வாவல்.
ஐஸ்கூட வைப்பதில்லை. மண்வெட்டியால் அள்ளுவார்கள்.

எந்த மீனை எந்த நீளத்தில் பிடிக்கலாம் என்று
சுவரில் அரசாங்கத்துப் படம் ஒன்று உண்டு.
போகிற வருகிறவர்கள் ஈரக்கையைத் துடைத்துத் துடைத்து
வாவலுக்கு வால் அழிந்துவிட்டது.
எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை,
எப்படி அளப்பது.

ஏலக்காரி சுனந்தா தாண்டேல்
ஒருநாள் சீட்டைப் பிடுங்கினாள்.
"குப்பைன்னு எழுதாத. வாயில வெள்ளம் வத்தாத குஞ்சுங்க."
அந்த லாரியில் பாதி
அவள் தம்பி படகில் வந்தது.
மூன்று நாளில் திரும்பிய படகு
இப்போது பதினான்கு நாள் போகிறது.
டீசல் கடனுக்கு மில்காரன் தரும் கிலோ பதினாறு ரூபாய்தான் வட்டி.
அது அவளுக்கும் தெரியும்.
சீட்டைத் திருப்பித் தந்தாள், ஈரமாக.
'இதர' மட்டும் மை கரைந்திருந்தது.
மேலே திரும்ப எழுதினேன்.

இர்ஃபான் முல்லா மில்லுக்கு ஓட்டிப் போவான்.
நாலைந்து கிலோ அரைத்தால் ஒரு கிலோ மாவு.
மாவு உருண்டையாகும்.
உருண்டை எங்கோ ஒரு குளத்தில்
மிதக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சயான் மார்க்கெட்.
"பாப்லெட், பாப்லெட்" என்று கூவுகிறான் பிஸ்வாஸ்.
வாவல் இல்லை அது, ரூப்சந்த்.
வயிற்றில் சிவப்பு, விலையில் ஐந்தில் ஒன்று.
ஏதோ கண்டத்து ஆற்றில் பிறந்த ஜாதி
ஆந்திரத்துக் குளத்தில் கொழுத்து
இங்கே வந்து வாவலாகிறது.
நான் அவனோடு சண்டை போடுவதில்லை.
இந்த ஊரில் பெயர் மாறுவது குற்றமா என்ன?
அப்பா எனக்கு வைத்தது சிவனணைந்தான்.
ரேஷன் அட்டையில் ஷிவானந்த்.

சுகிர்தா பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறாள்.
மீனின் வாயை விரித்துப் பார்த்தாள்.
மனுஷப் பல். வரிசையாக, சதுரமாக.
"கடைவாய் நல்லா இருக்கு," என்றாள்,
"நம்ம பேஷண்டுங்களவிட."
இரண்டு பேரும் சிரித்தோம்.
பிறகு அரிவாள்மனையில் வயிற்றைக் கீறினாள்.

குடலுக்குள் பழுப்பாக ஒரு விழுது.
தவிடாக இருக்கலாம்.
கோழிக்கழிவாக இருக்கலாம்.
செவ்வாய்க்கிழமை நான் நிறுத்து அனுப்பிய
பதினோராயிரத்து நானூறு கிலோவில்
ஒரு சிட்டிகையாகவும் இருக்கலாம்.
என் கையெழுத்து அதில் தெரியவில்லை.

மண்வாடைக்குப் புளியைக் கூட்டிப் போட்டாள்.
நன்றாகத்தான் இருந்தது.
இது இல்லையென்றால் என் சம்பளத்துக்கு
ஞாயிறு வெறும் ரசம்தான்.
இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

ஜூன், ஜூலை படகுகள் கரையில்.
காண்டா துருவேறாமலிருக்க வாரம் ஒருமுறை
போய் சுவிட்ச் போடுவேன்.
மேடையில் யாருமில்லை. காட்டுகிறது: நாற்பது கிலோ.
மழைத்தண்ணீர்.
தள்ளிவிட்டால் முப்பது, பன்னிரண்டு, ஐந்து.
பூஜ்யம் வருவதற்குள் மறுபடி பெய்கிறது.
அந்தப் பக்கம் சுவருக்கு வெளியே கடல்,
இந்த அறுபது நாளில்
உள்ளே கொஞ்சமாவது ஏறியிருக்குமா.
காண்டாவிடம் கேட்டுப் பயனில்லை.
தன்மேல் ஏறி நிற்பதை மட்டும்தான்
அதற்குச் சொல்லத் தெரியும்.